சாப்பாட்டு மேஜையில் ஒரு வாரம் நின்ற குதிரை

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ போனில் ஒன்று கேட்டாய். நான் "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, குக்கர் கூவுகிறது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கரே இல்லை. வாய்க்கு வந்த ஒரு பொய், அவ்வளவுதான். நம் வீட்டில் பொய் சொன்னது நீயும் உன் அம்மாவும் மட்டும்தான் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அதனால் இந்தக் குக்கர் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நீ கேட்டது சாதாரண விஷயம். "பாப்பாவுக்கு லீவு விட்டாச்சுப்பா. ஒரு மாசம் உங்ககூட ஸ்ரீரங்கத்துல இருக்கட்டும், தேவைப்பட்டா அதுக்கு மேலயும் இருக்கட்டும். அவளுக்கு செஸ் சொல்லிக்கொடுங்க. சின்ன வயசுலயே கத்துக்கிட்டா ப்ராப்ளம் சால்விங் நல்லா வரும்னு ஸ்கூல்ல சொல்றாங்க. எனக்கும் நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க, நல்லாத்தானே இருந்துச்சு" என்றாய். வேறு எந்தத் தாத்தாவாக இருந்தாலும் அன்றைக்கே அரிசி, பருப்பு வாங்கி வைத்துக்கொண்டு காத்திருப்பார். நான் அந்தக் கடைசி வார்த்தையிலேயே நின்றுவிட்டேன். நல்லாத்தானே இருந்துச்சு. இல்லை தம்பி, நல்லா இல்லை. எவ்வளவு நல்லா இல்லை என்பது எனக்கே இந்த வாரம்தான் முழுசாகத் தெரிந்தது.

இதை உனக்கு மட்டுமல்ல, இன்னும் சில பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நம் அபார்ட்மென்ட் கீழ்த்தளத்தில் சனிக்கிழமைதோறும் ஒரு செஸ் வகுப்பு நடக்கிறது. ஐந்து வயது, ஆறு வயதுப் பிள்ளைகள். வெளியே நிறுத்தியிருக்கும் வண்டிகளின் மேல் அப்பாக்கள் உட்கார்ந்து, வகுப்பு முடியும் முன்பே ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். பால்கனியில் நின்று பார்க்கும்போது அவர்கள் முதுகில் என் முதுகு தெரிகிறது. இந்தக் கடிதத்தை ஒரு பிரதி எடுத்துக் கீழே அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம் என்று நினைக்கிறேன். ஆனால் முதலில் நீ படி. எதையெல்லாம் வெட்ட வேண்டும் என்கிறாயோ அதையெல்லாம் வெட்டிவிடு. மொத்தமும் வேண்டாம் என்றால் கிழித்துப் போடு. அதற்காகத்தான் இதில் யார் பேரும் எழுதவில்லை.

என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்தேன். கொதிகலன் குழாய்களைப் பற்றவைத்த இடங்களை எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்தப் படங்களை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, கண்ணை இடுக்கிப் பார்த்து, எங்கே குறை இருக்கிறதோ அங்கே சிவப்புப் பென்சிலால் வட்டம் போட வேண்டும். வட்டம் போட்ட இடத்தை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி பற்றவைப்பார்கள். நன்றாக இருக்கிற இடத்தைப் பற்றி நான் ஒன்றும் எழுத வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு நூறு படம் பார்த்தால், தொண்ணூறு நல்ல படம் என் கண்ணில் படாமலேயே போய்விடும். குறைக்கு மட்டுமே சம்பளம் வாங்கினேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அந்தக் கண்ணைக் கழற்றி வைத்துவிட்டு வரவில்லை.

உனக்கு ஐந்தரை வயதில் செஸ் பலகை வாங்கி வந்தேன். பிள்ளைகளுக்கு மூளை வளரும், யோசிக்க வரும் என்று கேன்டீனில் யாரோ சொன்னதைக் கேட்டுத்தான். முதல் நாள் நீ காய்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாய். சிப்பாய்களைப் படுக்க வைத்துத் தூங்கச் சொன்னாய். குதிரைக்கு டம்ளர் மூடியில் தண்ணீர் வைத்தாய். யானை நேராகத்தான் போகும், வழியில் திரும்பாது என்று நான் விளக்கியபோது, "நம்ம கோயில் யானை சித்திரை வீதி முக்குல திரும்புதேப்பா?" என்று கேட்டாய். கேட்கத் தெரிந்த பிள்ளை கேட்ட கேள்வி அது. அதைப் பிடித்துக்கொண்டு, திரும்புவதற்கு அது ஒரு முறை நிற்க வேண்டும், மறு மூவில்தான் திரும்பும் என்று சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்திருக்கலாம். நான் "அது வேற யானை. இங்க கவனி" என்றேன். நீ கவனித்தாய். அதற்குப் பிறகு செஸ் பற்றி என்னிடம் நீ கேள்வியே கேட்கவில்லை என்று இப்போது யோசித்துப் பார்த்தால் தெரிகிறது. நான்தான் கேட்டேன், நீ பதில் சொன்னாய்.

எட்டு வயதில் உன் முதல் போட்டி, மன்னார்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். பெற்றவர்களை உள்ளே விடமாட்டார்கள். வாசலில் பந்தல் நிழலில், செருப்புகளுக்குக் காவல் மாதிரி நாங்கள் உட்கார்ந்திருப்போம். எதிராளியின் குதிரை உன் ராஜாவையும் ராணியையும் ஒரே சமயத்தில் மிரட்டியதைக் கவனிக்காமல் நீ ராணியை இழந்து தோற்றுவிட்டாய். எந்தப் பிள்ளைக்கும் நடப்பதுதான். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வழியாக ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் வீடு வந்து சேரும் வரை அந்தத் தோல்வியையே மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன். வந்ததும் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, பலகையை விரித்து, நீ தப்புச் செய்த அந்த நிலையை அப்படியே வைத்தேன். "இது ஏன் நடந்துச்சுன்னு நீயா எனக்கு விளக்கிச் சொல்ற வரைக்கும் இது இங்கயே இருக்கும்" என்றேன். தொழிற்சாலையில் பெரிய குறை வந்தால் அந்தப் படத்தை எல்லாரும் பார்க்கிற மாதிரி மாட்டி வைப்பது எங்கள் பிரிவின் வழக்கம். அதைத்தான் வீட்டிலும் செய்தேன். மூன்று பேரும் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து ஒரு வாரம் சாப்பிட்டோம். நீ தட்டை எடுக்கப் போகும்போதும் வைக்கப் போகும்போதும் அந்த மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

நாலாம் நாள் உன் அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஏங்க, அந்தக் குதிரை நாலு நாளா நின்னுக்கிட்டே இருக்கு. அதையாவது உக்கார விடுங்களேன்" என்றாள். நீ களுக்கென்று சிரித்தாய். நான் உன்னை ஒரு பார்வை பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. உன்னை ஒரு நாளும் அடித்ததில்லை என்று நண்பர்களிடம் பெருமை அடித்துக்கொள்வேன். கை ஓங்க வேண்டிய தேவையே எனக்கு இருக்கவில்லை. தோற்றுவிட்டு வந்தால் மூன்று கேள்வி கேட்பேன். எங்க தப்பு? எந்த மூவ்? ஏன் அப்பவே பாக்கல? இந்த மூன்றையும் குரலை உயர்த்தாமல் கேட்பேன். ஒரு பிள்ளையைப் பயமுறுத்த அது போதும்.

ஏழாம் நாள் நீ வந்து மனப்பாடம் செய்தது மாதிரி விளக்கம் சொன்னாய். நான் பலகையை எடுத்தேன். வழிக்கு வந்துவிட்டான் என்று நினைத்தேன். உண்மையில் நீ அந்த வாரத்தில் வேறு ஒன்றைக் கற்றுக்கொண்டிருக்கிறாய்.

ஆட்டத்தின் ஒவ்வொரு மூவையும் பிள்ளைகள் ஒரு தாளில் எழுத வேண்டும் அல்லவா. எழுதும் தாளுக்கு அடியில் கார்பன் வைத்திருப்பார்கள். மேல் தாள் நடுவருக்குப் போகும், கார்பன் பிரதி ஆடினவர் கையில் வரும். நீ வெளியே வந்ததும் நான் முதலில் கை நீட்டுவது அந்தத் தாளுக்குத்தான். உன் முகத்தைப் பார்ப்பது அதற்கப்புறம். எல்லாத் தாளையும் ஒரு ஃபைலில் கோத்து, சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தேன். அந்தக் குதிரை வாரத்துக்குப் பிறகு உன் ஆட்டம் நன்றாகத் தேறிவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். தோற்றாலும் நாற்பது மூவ், ஐம்பது மூவ் போராடித் தோற்றாய். மண்டபத்திலிருந்து கடைசியாக வெளியே வருகிற பிள்ளைகளில் நீயும் ஒருவனாக இருந்தாய். ஒரு தாளில் நானே "தோல்வி என்றால் இப்படி இருக்க வேண்டும்" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

முக்கொம்பு அணைப் பூங்காவுக்குப் போனது உனக்கு நினைவிருக்கும். ஒரு போட்டியில் ஐந்து புள்ளி எடுத்தால் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்தேன். நீ நாலுதான் எடுத்தாய். உன் அம்மா புளியோதரை கிளறிக் கட்டி வைத்துவிட்டு, "புள்ளி கணக்கெல்லாம் ஆத்துக்குத் தெரியாதுங்க, கிளம்புங்க" என்றாள். போன இடத்தில் மரத்தடியில் உட்கார்ந்ததும் நான் பையிலிருந்து சின்னக் காந்தப் பலகையை எடுத்தேன். "அவன் கொஞ்சம் ஆடட்டுமேங்க, ஊஞ்சல் காலியாத்தானே இருக்கு" என்றாள் அவள். இதை முடித்துவிட்டுப் போகட்டும் என்றேன். எங்க தப்பு என்று கேட்டேன். நீ ஊஞ்சலைப் பார்க்காமல், தாளைப் பார்க்காமல், என்னைப் பார்த்து, "முப்பத்தெட்டாவது மூவ்ல சிப்பாயத் தள்ளினதுப்பா. யானையை முன்னாடி கொண்டு வந்திருக்கணும்" என்றாய். பலகையில் வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. "சபாஷ், போய் விளையாடு" என்றேன். நீ ஓடினாய். என் பிள்ளைக்குத் தன் குறையைத் தானே கண்டுபிடிக்கும் கண் வந்துவிட்டது என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

இப்போது இந்த வாரத்துக்கு வருகிறேன். நீ போன் செய்த மறுநாள், எதற்கும் இருக்கட்டும் என்று அந்தப் பழைய பலகையைத் தேடினேன். அது உன் அம்மாவின் அலமாரியில், புடவைகளுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தது. நீ பன்னிரண்டு வயதில் படிப்பு இருக்கிறது, செஸ் வேண்டாம் என்று விட்ட பிறகு அவள்தான் எடுத்து வைத்தாள். பதினாறு வருஷமாக அந்த அலமாரியை நான் ஒழுங்காகத் திறந்ததில்லை. டின்னுக்குள் துணிப் பலகை, காய்கள், அவற்றுக்கு அடியில் நாலாக மடித்த தாள்கள். பதினோரு தாள். எல்லாம் கார்பன் பிரதி, உன் கையெழுத்து. இரண்டு தாள் ஒரு முறை தண்ணீரில் நனைந்து காய்ந்தவை. துவைக்கும்போது உன் கால்சட்டைப் பையில் கிடைத்திருக்க வேண்டும்.

ஃபைலை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன். அதே போட்டி, அதே சுற்று, அதே எதிராளியின் பெயர். ஆனால் வேறு ஆட்டம். ஃபைலில் நாற்பத்து மூன்று மூவ் போராடித் தோற்ற ஆட்டம், டின்னில் இருந்த தாளில் நாலாவது வரியோடு முடிந்திருந்தது. நாலே மூவில் மேட். அடுத்ததில் ஒன்பதாவது மூவில் ராணி போயிருந்தது. பதினொன்றும் அப்படித்தான். அப்புறம்தான் ஃபைலில் இருந்த தாள்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். நீ ஜெயித்த ஆட்டமெல்லாம் கார்பன். தோற்ற அந்தப் பதினொன்றும் நேராகப் பால்பாயின்ட் பேனாவால் எழுதினவை. பேனா அழுத்தின பள்ளம் பின்பக்கம் விரலுக்குத் தட்டுப்படுகிறது. குழாயில் தலைமுடி கனத்துக்கு விரிசல் இருந்தால் கண்டுபிடித்து மெடல் வாங்கினவனுக்கு, கையில் இருந்த தாள் கார்பனா பேனாவா என்று தெரியவில்லை.

நாலு மூவில் தோற்றுவிட்டு நீ வெளியே வரவில்லை. மண்டபத்தின் பின்னால் பந்தி போடும் கூடத்திலோ எங்கேயோ போய் உட்கார்ந்து, நடுவர் மேஜையிலிருந்து எடுத்த வெற்றுத் தாளில், நடக்காத ஓர் ஆட்டத்தை எழுதியிருக்கிறாய். உன் மூவையும் நீயே யோசித்து, எதிராளியின் மூவையும் நீயே யோசித்து, பலகை இல்லாமல், நாற்பத்து மூன்று மூவ். புதன்கிழமை முழுக்க ஒவ்வொன்றாக வைத்து ஆடிப் பார்த்தேன். ஒரு மூவ்கூட விதிக்குத் தப்பாக இல்லை. அதோடு விடவில்லை நீ. நான் தேடுவேன் என்று தெரிந்து, ஒவ்வொரு ஆட்டத்திலும் முப்பது மூவுக்கு மேல் ஒரு சின்னத் தப்பை வேண்டுமென்றே வைத்திருக்கிறாய். ரொம்பப் பெரிய தப்பாக இருந்தால் மேஜைக்குப் போகும். தப்பே இல்லையென்றால் நான் விடமாட்டேன். முக்கொம்பில் சொன்ன முப்பத்தெட்டாவது மூவ் அதுதான். ஒன்பது வயதுப் பிள்ளை, அப்பாவுக்கு என்று அளவெடுத்துத் தைத்த தப்பு.

செஸ் கற்றுக்கொண்டால் பிள்ளைகளுக்குச் சிக்கலைத் தீர்க்க வரும் என்று பாப்பாவின் ஸ்கூலில் சொல்வது உண்மைதான் தம்பி. உனக்கு வந்தது. உனக்கு இருந்த சிக்கல் நான்தான், அதை நீ அழகாகத் தீர்த்துக்கொண்டாய். அந்த நாற்பத்து மூன்று மூவை எழுதின மூளை பயமில்லாமல் பலகை முன்னால் உட்கார்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசிக்கக்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கீழே வகுப்பு எடுக்கும் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. முதல் மாதம் அவள் ராஜாவையும் ராணியையும் டப்பாவை விட்டே எடுக்கவில்லை, வெறும் சிப்பாய்களை வைத்து ஆடவிட்டாள். தோற்ற பிள்ளையிடம், "இதுல உனக்குப் புடிச்ச மூவ் எது, காட்டு" என்று கேட்கிறாள். அந்தப் பிள்ளை பெருமையாகக் காட்டுகிறது, காட்டிக்கொண்டே வரும்போது தானே நிறுத்தி, "மிஸ், இங்க நான் பாக்கல" என்கிறது. தப்பைக் காட்ட அதற்குப் பயமில்லை. நான் முப்பது வருஷம் முன்னால் இந்தப் பெண்ணிடம் போய் உட்கார்ந்து படித்திருக்க வேண்டும். வண்டி மேல் உட்கார்ந்திருக்கும் அப்பாக்களே, உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். வெளியே வரும் பிள்ளையின் தாளுக்குக் கை நீட்டாதீர்கள்.

தம்பி, டின்னில் பன்னிரண்டாவதாக ஒரு தாள் இருந்தது. அதைத்தான் எழுத முடியாமல் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

உன் அம்மாவின் மார்பில் கட்டி இருந்தது எனக்குத் தெரிந்தது ஒரு வைகாசியில். அப்போது நீ சென்னையில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். அதற்கு முந்தின தீபாவளிக்கு வந்தபோதே அவள் உன்னிடம் சொல்லியிருக்கிறாள், அப்பாவிடம் நானே சொல்கிறேன், நீ சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஏழு மாதம். என்னிடம் வாய்வுத் தொந்தரவு என்றாள், மாத்திரை சாப்பிடுகிறேன் என்றாள். தொட்டியத்தில் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன், வாழைத்தார் வெட்டுகிறார்கள் என்று சொல்லிவிட்டு, ஒரு நாட்டு மருந்துக்காரரிடம் போய் வந்திருக்கிறாள். எனக்குத் தெரிந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில், பத்து பேர் பார்க்க நான் உன்னை நிறுத்தி வைத்துக் கேட்டது என்ன தெரியுமா? எப்ப தெரிஞ்சுது? ஏன் அப்பவே சொல்லல? அதே கேள்விகள்.

பிறகு நாலு மாதம் அவள் இருந்தாள். எனக்கு அந்த நாலு மாதமும் ரிப்போர்ட் படிக்கவே சரியாக இருந்தது. ஸ்கேன் படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். தேதிவாரியாக ஒரு நோட்டில் எழுதுவேன். ஒரு நாள் மத்தியானம் அவளிடமே கேட்டேன், "ஏன் என்கிட்ட சொல்லல?" அவள் கண்ணைத் திறக்காமல், "பயமா இருந்துச்சுங்க" என்றாள். "எதுக்குப் பயம், வியாதிக்கா?" என்றேன். "இல்லங்க. நீங்க கேப்பீங்கள்ல, அதுக்கு" என்றாள். நான் கையில் வைத்திருந்த படத்தைக் கீழே வைக்கவில்லை. அவள் கண்ணைத் திறந்து, "இப்பவும் அதைத்தான் பாக்குறீங்க. என்னைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றாள். பார்த்தேன். அதற்குப் பிறகு எத்தனை நாள் அவளைப் பார்த்தேன் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பத்தாம் நாள் காரியம். காவிரிக் கரையில் அம்மா மண்டபம் படித்துறை. ஈர வேட்டியோடு நீ நின்றுகொண்டிருந்தாய். தொட்டியத்து மாமாவும் இருந்தார். நான் உன்னிடம், "ஏழு மாசம் உனக்குத் தெரியும். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவ இருந்திருப்பா" என்றேன். மாமா என் தோளைப் பிடித்தார். நீ என் முகத்தைப் பார்த்து, "ஆமாப்பா" என்றாய். பதினாறு வருஷமாக அந்த "ஆமாப்பா"வை நான் ஒப்புதல் வாக்குமூலமாக வைத்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமைதான் எனக்குப் புரிந்தது, அது முக்கொம்பில் கேட்ட அதே குரல். அப்பா தேடுகிறார், ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிட்டால் விட்டுவிடுவார். இருபது வயதில், அம்மாவுக்குக் கொள்ளி வைத்த பத்தாம் நாளில், எனக்காக உன் மேலேயே ஒரு தப்பைப் போட்டுக்கொண்டாய். நானும் திருப்தியாக வட்டம் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பன்னிரண்டாவது தாள் ஓர் ஆஸ்பத்திரி சீட்டு. உன் அம்மாவின் பெயரும் வயதும் இருக்கிறது. டாக்டர் கிறுக்கலாக, உடனே சோதனை எடுக்க வேண்டும், கணவரை அழைத்து வரவும் என்று எழுதியிருக்கிறார். அது ஆடி மாதத்துச் சீட்டு. உனக்குத் தெரிந்த தீபாவளிக்கு மூன்று மாதம் முந்தினது. ஆக, முதலில் தெரிந்தது உனக்கு இல்லை. கூப்பிட்டு வரச் சொன்னதும் உன்னை இல்லை, என்னை. அவள் அதைக் கொண்டுவந்து, உன் தோல்வித் தாள்களோடு சேர்த்து மடித்து, நான் தொடாத டின்னில் வைத்துவிட்டாள். நம் வீட்டில் அப்பாவுக்குக் காட்டக் கூடாத தாள்கள் வைக்கும் இடம் அதுதான்.

படித்துறையில் நான் சொன்னது பொய். அது உன் தப்பு இல்லை, ஒரு நாளும் இல்லை. இதைப் பதினாறு வருஷம் கழித்து ஒரு தாளில் எழுதுவதால் எதுவும் சரியாகிவிடாது என்று எனக்குத் தெரியும். என் தொழிலில் குறையை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி பற்றவைக்க முடியும். இதில் வெட்டி எடுக்க முடியாது. ஆனாலும் சொன்னவன் நான், எடுத்துக்கொள்ள வேண்டியவனும் நான். அந்த வார்த்தையை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மாமாவுக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன்.

இனி எழுதப்போவது உனக்கு மட்டும். அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதென்றால் இங்கிருந்து கீழே கிழித்துவிடலாம்.

நாலு ஞாயிற்றுக்கிழமையாக மருமகளின் குரலை நான் கேட்கவில்லை. எப்போதும் போனைப் பிடுங்கி, பிரஷர் மாத்திரை போட்டீங்களா மாமா என்று அதட்டுகிற பெண். போன வாரம் நீ பாப்பாவிடம் போனைக் கொடுத்தபோது, அவள், "தாத்தா, அங்க வர்றதுக்கு ஸ்கூல் பையும் யூனிஃபார்மும்கூட எடுத்துக்கணுமா?" என்று கேட்டாள். ஒரு மாதம் செஸ் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைக்கு யூனிஃபார்ம் எதற்கு? நீ போனை வாங்கி, "நல்லாருக்கோம்பா, எல்லாம் நல்லாருக்கு" என்றாய். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது அது பேனாவால் எழுதின தாள் என்று தோன்றுகிறது. என் எண்ணம் தப்பாக இருந்தால் கிழவன் உளறுகிறான் என்று விட்டுவிடு.

சரியாக இருந்தால், ஒன்று மட்டும் கேள். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் எப்போது ஆரம்பித்தது, யார் ஆரம்பித்தது, ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று உன்னிடம் கேட்கமாட்டேன். மருமகளிடமும் கேட்கமாட்டேன். கேட்காமல் இருக்க எனக்கு வருமா என்று எனக்கே தெரியாது, எழுபது வயதில் புதிதாகப் பழக வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டால் எழுந்து பால்கனிக்குப் போய்விடுகிறேன். நீ சொல்ல வேண்டும் என்று நினைத்தால் நாலு மூவில் முடிந்த ஆட்டத்தை நாலு மூவாகவே சொல். எனக்காக நாற்பத்து மூன்று எழுதாதே. உன் அம்மா பத்து மாதம் எழுதினாள், அதற்கு என்ன விலை கொடுத்தோம் என்று உனக்கே தெரியும்.

பாப்பாவை அனுப்பு. ஒரு மாதமோ, ஒரு வருஷமோ. செஸ் நான் சொல்லிக்கொடுக்கமாட்டேன், அவள் விரும்பினால் கீழே அந்தப் பெண்ணிடம் போகட்டும். யானை நேராகத்தான் போகுமா தாத்தா என்று வந்து கேட்டால், செருப்பை மாட்டிக்கொண்டு அவளைச் சித்திரை வீதி முக்குக்குக் கூட்டிப்போய், யானை வரும் வரை நின்று காட்டுவேன்.

டின்னில் இருந்த காய்களைத் துடைத்துத் திரும்பவும் டின்னிலேயே போட்டுவிட்டேன். சாப்பாட்டு மேஜை காலியாக இருக்கிறது. மூன்று பேராக வந்தாலும் உட்கார்ந்து சாப்பிடலாம். இரண்டு பேராக வந்தாலும் உட்கார்ந்து சாப்பிடலாம்.

உன் அப்பா